அதே நேரத்தில், அங்கே...

1901-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து மேடை ஒன்றில் சிறு நாடகம் ஒன்று அரங்கேறியது. ஆந்திரே தெ லோர்த், ஷார்ல் ஃபொலே என்னும் இருவர் எழுதிய அந்த நாடகத்தின் பெயர் ‘தொலைபேசியில்’. ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு வீடு. மனைவியையும் குழந்தையையும் அங்கே விட்டுவிட்டுக் கணவன் பாரிஸுக்குச் சென்றுவிடுகிறான். நண்பர் வீட்டில் அவன் இருக்கும்போது தொலைபேசியில் மனைவியின் குரல் வருகிறது. வீட்டைச் சுற்றி யாரோ நடமாடுகிறார்கள் என்கிறாள். அவன் தேறுதல் சொல்கிறான். சிறிது நேரத்தில் அவன் முகம் வெளுக்கிறது. காதில் வைத்த கருவியை எடுக்கவும் முடியாமல், ஓடிப்போய் உதவவும் முடியாமல், தன் குடும்பம் கொலையுண்பதை அவன் கேட்டுக்கொண்டே நிற்கிறான்.

நாடகம் பார்த்தவர்கள் கொலையைப் பார்க்கவில்லை, கொலைகாரனையும் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனைத்தான் பார்த்தார்கள். ஆயினும் அவர்கள் நடுங்கினார்கள். அக்காலத்தில் தொலைபேசி புதுமை மாறாத சாதனம். அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் அதற்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். அவருடைய முதன்மையான காப்புரிமைகள் 1893, 1894-ஆம் ஆண்டுகளில் காலாவதியாயின. அதன் பிறகு அமெரிக்காவில் எத்தனையோ சிறு கம்பெனிகள் தோன்றி, கிராமப்புற வீடுகளுக்கும் கம்பி இழுத்தன. அதுவரை மனித குலம் அறியாத ஓர் அனுபவம் அதனால் கிடைத்தது. தொலைவில் நடப்பது அந்தக் கணமே காதுக்கு வந்துவிடும். ஆனால் கால்கள் அங்கே போய்ச் சேர மணிக்கணக்காகும். இந்த இடைவெளியில்தான் திகில் குடியிருக்கிறது என்பதைக் கதை எழுதுவோர் விரைவில் கண்டுகொண்டனர்.

இதே கதை 1908-இல் பிரான்சிலும், 1909-இலும் 1913-இலும் அமெரிக்காவிலும், 1914-இல் ருஷ்யாவிலும் சலனப்படமாக வந்தது. விவரங்கள் சற்று மாறின, எலும்புக்கூடு ஒன்றுதான். தனி வீடு, தனித்திருக்கும் பெண், உள்ளே நுழையும் அந்நியன், தொலைவில் கணவன், நடுவில் ஒரு கம்பி. ஒரே கதை திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டதால், சினிமா தன் இலக்கணத்தை எப்படிக் கற்றுக்கொண்டது என்பதை அறிய நமக்கு நல்ல சோதனைச்சாலை கிடைத்திருக்கிறது. ஒரு பொருளை மாற்றாமல் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்ப்பதுதானே சோதனை?

இலக்கணம் என்று எதைச் சொல்கிறோம்? கதை எழுதுபவருக்கு ஒரு வசதி உண்டு. கதாநாயகன் காட்டில் வழி தவறி அலைகிறான் என்று எழுதி நிறுத்திவிட்டு, “இஃது இவ்வாறிருக்க, அரண்மனையில்...” என்று அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கிவிடுவார். நம் பழைய நாவல்களில் இத்தொடரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இரண்டு சொற்களில் இரண்டு இடங்களும் ஒரே நேரமும் பிணைக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் பேசாத படத்தில் ‘இஃது இவ்வாறிருக்க’ என்பதை எப்படிக் காட்டுவது? ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் தோன்றும் இரண்டு காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவையா, ஒரே நேரத்தில் நடந்தவையா என்று பார்ப்பவர் எப்படி அறிவார்?

இன்று நமக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. ஆனால் தொடக்கக் காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு இது பெரிய சிக்கலாக இருந்தது. அதற்குச் சாட்சியாக ஒரு விந்தையான வழக்கு இருக்கிறது.

இருமுறை நடந்த மீட்பு

எடிசன் கம்பெனியில் வேலை பார்த்த எட்வின் போர்ட்டர் 1903-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ‘ஓர் அமெரிக்கத் தீயணைப்பு வீரனின் வாழ்க்கை’ என்ற படத்தை வெளியிட்டார். ஏறக்குறைய 6 நிமிடப் படம். தீப்பற்றிய வீட்டின் மாடி அறையில் தாயும் குழந்தையும் சிக்கியிருக்க, வீரன் சன்னல் வழியே ஏறி அவர்களைக் காப்பாற்றுகிறான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு 1940-களில் இப்படத்தின் பிரதி ஒன்று கிடைத்தது. அதில் அறையின் உட்புறமும் வீட்டின் வெளிப்புறமும் மாறி மாறி வருகின்றன. உள்ளே புகை, வெளியே ஏணி, உள்ளே வீரன் நுழைகிறான், வெளியே தாயைத் தோளில் சுமந்து இறங்குகிறான். இன்றைய படம் போலவே இருக்கிறது! எனவே இவ்வகை எடிட்டிங்கைக் கண்டுபிடித்தவர் போர்ட்டரே என்று பல்லாண்டுகள் புத்தகங்களில் எழுதப்பட்டு வந்தது.

உண்மையை வெளிப்படுத்தியது காகிதம். அமெரிக்காவில் 1912 வரை சலனப்படத்துக்கெனத் தனிப் பதிப்புரிமைச் சட்டம் இல்லை. நிழற்படங்களுக்கு மட்டுமே இருந்தது. ஆகவே படக் கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்தன. தங்கள் படம் முழுவதையும் நீண்ட காகிதச் சுருளில் நிழற்படங்களாக அச்சிட்டு, வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் பதிவு செய்தன. மூலப் பிலிம்கள் நைட்ரேட் செல்லுலோஸால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், தீப்பற்றாவிட்டாலும் நாளடைவில் மட்கிப்போகும். காகிதச் சுருள்களோ நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. 3000-க்கும் மேற்பட்ட படங்கள்! 1950-களிலும் 60-களிலும் கெம்ப் நைவர் என்பவர் அவற்றை ஒவ்வொரு படமாக மீண்டும் பிலிமில் பிடித்துத் தந்தார். சட்டத்தின் ஓட்டையை அடைக்கச் செய்த வேலை, வரலாற்றைக் காப்பாற்றிவிட்டது.

அந்தக் காகிதச் சுருளில் போர்ட்டரின் படம் வேறு விதமாக இருந்தது. முதலில் அறையின் உட்புறம். வீரன் நுழைகிறான், தாயைத் தூக்கிச் செல்கிறான், திரும்பி வந்து குழந்தையையும் எடுத்துச் செல்கிறான். எல்லாம் முடிந்தது. அடுத்து வீட்டின் வெளிப்புறம். தாய் சன்னலில் தோன்றி உதவி கேட்கிறாள், ஏணி வருகிறது, வீரன் ஏறுகிறான், தாய் இறக்கப்படுகிறாள், பிறகு குழந்தை. அதாவது, ஒரே மீட்பு தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு முறை நடக்கிறது! மாறி மாறி வரும் பிரதி, பிற்காலத்தில் யாரோ தம் காலத்துக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டியது என்பது தெளிவாயிற்று. 1978-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் திரைப்பட ஆவணக் காப்பாளர்கள் கூடி, 1900 முதல் 1906 வரை வந்த படங்களை ஒருசேரப் போட்டுப் பார்த்த பிறகு இத்தகைய ஆராய்ச்சிகள் வேகம் பெற்றன.

போர்ட்டர் திறமையற்றவர் என்று எண்ணிவிடக் கூடாது. அன்றைய படத்தில் ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனி நிழற்படம் போல முழுமையாக இருக்க வேண்டும் என்று கருதினார்கள். ஒரு செயலைப் பாதியில் அறுத்தால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்திருக்கும். ஆனால் இந்த முறையில் பதற்றம் பிறக்க வழியில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது குழந்தை பிழைத்துவிடும் என்பது தெரிந்துபோன செய்தி அல்லவா?

வெட்டத் துணிந்தவர்கள்

1908-இல் பிரான்சின் பாத்தே கம்பெனி ‘கோட்டை வைத்தியர்’ என்ற குறும்படத்தை வெளியிட்டது. போக்கிரிகள் பொய்ச் செய்தி அனுப்பி வைத்தியரை வெளியே வரவழைத்துவிட்டு அவர் வீட்டுக்குள் புகுகிறார்கள். மனைவி தொலைபேசியில் அழைக்கிறாள். வைத்தியர் காரில் பறந்து வருகிறார். இங்கே வீடும் சாலையும் மாறி மாறி வருகின்றன. மேடையில் கண்ணுக்குத் தெரியாமலிருந்த மறுமுனை இப்போது தெரியத் தொடங்கிவிட்டது.

அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் டேவிட் கிரிஃபித் என்ற நாடக நடிகர் பயோகிராப் கம்பெனியில் படம் இயக்கத் தொடங்கினார். 1913 வரை அவர் எடுத்த குறும்படங்கள் 400-க்கும் மேல். தனித்தீவில் சிக்கிய கணவனையும் வீட்டில் காத்திருக்கும் மனைவியையும் அவர் அடுத்தடுத்துக் காட்டியபோது, மக்களுக்கு எப்படிப் புரியும் என்று கம்பெனியில் கேட்டார்களாம். டிக்கன்ஸ் கதை எழுதுவது இப்படித்தானே என்று கிரிஃபித் பதில் சொன்னாராம். இது அவருடைய மனைவி 1925-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் உள்ள செய்தி. எவ்வளவு தூரம் அப்படியே நடந்ததோ, ‘இஃது இவ்வாறிருக்க’ என்பது எழுத்திலிருந்து திரைக்கு வந்த வழியை இது நன்றாகக் காட்டுகிறது.

1909 ஜூன் மாதம் அவர் நம் தொலைபேசிக் கதையைத் ‘தனித்த மாளிகை’ என்ற பெயரில் எடுத்தார். கணவனின் கார் வழியில் பழுதாகிவிடுகிறது. ஒரு விடுதியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதுதான் திருடர்கள் புகுந்திருப்பதை அறிகிறான். பேச்சின் நடுவே கம்பி அறுக்கப்படுகிறது. பழுதான காரை விட்டுவிட்டு, நாடோடிகளின் குதிரை வண்டியை வாங்கிக்கொண்டு ஓட்டுகிறான். 1909-இல் அவசரத்துக்கு நம்பத்தக்க வாகனம் எது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் வேண்டியதில்லை!

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். அன்றைய கைச்சுழற்சி இயந்திரத்தில் விநாடிக்கு 16 படங்கள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம் (சுழற்றுபவரின் கையைப் பொறுத்து இது கூடும், குறையும்). அப்படியானால் ஒரு விநாடிக்கு ஓர் அடி. ‘தனித்த மாளிகை’ 750 அடி. அதாவது பன்னிரண்டரை நிமிடம். அதில் ஏறக்குறைய 50 ஷாட்டுகள் உள்ளன. சராசரியாக ஒரு ஷாட்டுக்கு 15 விநாடி. போர்ட்டரின் படத்தில் 6 நிமிடத்துக்கு 9 ஷாட்டுகள்தாம். சராசரி 40 விநாடி. 1911-இல் கிரிஃபித் எடுத்த ‘லோன்டேல் தந்திப் பெண்’ படத்தில் சுமார் 1000 அடியில் ஏறக்குறைய 100 ஷாட்டுகள். சராசரி 10 விநாடிக்கு வந்துவிட்டது. எட்டே ஆண்டுகளில் சினிமாவின் நாடித் துடிப்பு நான்கு மடங்கு வேகமாகிவிட்டது எனலாம்.

ஆனால் வேகமாக வெட்டினால் மட்டும் பதற்றம் வந்துவிடாது. ஒவ்வொரு முறையும் காட்சி எங்கே அறுபடுகிறது என்பதுதான் முக்கியம். கதவு முழுவதும் உடைந்த பிறகு வெட்டினால் ஒரு செய்தி முடிந்தது. கதவு விரிசல் விடும்போது வெட்டிச் சாலைக்குப் போனால், பார்ப்பவர் அந்த விரிசலையும் மனத்தில் சுமந்துகொண்டே சாலையைப் பார்க்கிறார். வண்டி ஓடும் 10 விநாடியும் அவருக்கு வண்டி தெரிவதில்லை, கதவுதான் தெரிகிறது. திரையில் இல்லாத காட்சி, திரையில் இருக்கும் காட்சியைவிட வலுவாக மனத்தில் ஓடும்.

பாரிஸ் நாடகத்தில் குடும்பம் இறந்தது. பாத்தேயும் கிரிஃபித்தும் காப்பாற்றிவிட்டார்கள். மக்கள் மகிழ்ச்சியாக வெளியே போனால் மறுபடி வருவார்கள் என்ற வியாபாரக் காரணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாறி மாறி வெட்டும் முறையே முடிவை மாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. வந்துகொண்டிருக்கும் கணவனை இத்தனை முறை காட்டிவிட்டு அவனை வரவிடாமல் செய்வது கடினம். ருஷ்யாவில் யாக்கோவ் புரோட்டஸனோவ் மட்டும் 1914-இல் எடுத்த படத்தில் பழைய கொடிய முடிவையே வைத்துக்கொண்டார்.

இந்த ஆயுதத்துக்கு இன்னொரு முனையும் உண்டு. யாரை ‘மீட்க வருபவன்’ என்று காட்டுகிறோமோ, அவன் பக்கம் பார்ப்பவரின் நெஞ்சு தானாகவே ஓடும். அவன் நல்லவனா என்று ஆராய்வதற்கு அந்த 10 விநாடியில் நேரம் இல்லை. 1915-இல் கிரிஃபித் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற பெரும் படத்தை எடுத்தபோது, கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்திய கு கிளக்ஸ் கிளான் கும்பலையே குதிரையேறி வரும் மீட்பர்களாகக் காட்டினார். குறும்படங்களில் பழகிய அதே நுட்பம். மறைந்துபோயிருந்த அந்தக் கும்பல் அதே ஆண்டு இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தில் மறுபடி தொடங்கப்பட்டது. எடிட்டிங் மேசையில் கற்ற பாடம் தெருவில் என்ன செய்யும் என்பதை அமெரிக்கக் கறுப்பின மக்கள் விலை கொடுத்து அறிந்தார்கள்.

பத்து நிமிடத்தில் ஒரு பாடநூல்

1913-ஆம் ஆண்டு மே மாதம் பம்பாயில் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஜூலை மாதத்தில், அமெரிக்காவில் ரெக்ஸ் கம்பெனியின் ‘சஸ்பென்ஸ்’ வெளிவந்தது. எழுதியவரும் கதாநாயகியாக நடித்தவரும் லோயிஸ் வெபர் என்ற பெண்மணி. கணவர் பிலிப்ஸ் ஸ்மாலியுடன் சேர்ந்து இயக்கியவரும் அவரே. எஞ்சியுள்ள படம் 10 நிமிடம் ஓடும். நம் தொலைபேசிக் கதை இதில் தன் முழு வடிவத்தை அடைந்துவிட்டது.

கைக்குழந்தையுடன் ஓர் இளம் தாய். வேலைக்காரி ஒரு சீட்டெழுதி வைத்துவிட்டு, சாவியை மிதியடிக்கு அடியில் போட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறாள். வீட்டைச் சுற்றி வரும் ஒரு நாடோடி உள்ளே நுழைகிறான். தாய் தொலைபேசியில் கணவனை அழைக்கிறாள். கம்பி அறுபடுகிறது. கணவன் தெருவில் நின்ற காரைத் திருடிக்கொண்டு பறக்கிறான். காரின் சொந்தக்காரரும் போலீசாரும் வேறொரு காரில் துரத்துகிறார்கள். குதிரை வண்டி போய்விட்டது, பார்த்தீர்களா? அதே ஆண்டில்தான் ஃபோர்டு கம்பெனி நகரும் வரிசையில் கார்களைப் பொருத்தத் தொடங்கியது.

இக்கதையில் சாவிதான் முதல் நுட்பம். அது மிதியடிக்குக் கீழே போவதைப் பார்க்கிறோம். அந்தக் கணத்திலிருந்து கதவு பூட்டியிருப்பதில் நமக்கு நிம்மதி இல்லை. ஒரு பொருளைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பதில் எவ்வளவு அச்சம் அடங்கியிருக்கிறது!

அடுத்தது கோணம். தாய் மாடி சன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். காமிரா அவள் கண் இருக்கும் இடத்திலிருந்து நேர் கீழே பார்க்கிறது. நாடோடியின் தலை உச்சி தெரிகிறது. அவன் மெல்ல நிமிர்ந்து பார்க்கிறான். அவன் பார்ப்பது அவளை. ஆனால் திரையில் அவன் பார்வை நம் மீது விழுகிறது. அன்றைய படங்களில் காமிரா பெரும்பாலும் நாடகக் கொட்டகையின் முன்வரிசை போல ஓரிடத்தில் நேராக நிற்கும். வெபர் அதைத் தூக்கிச் சன்னலில் வைத்தார். பின்னர் நாடோடி மாடிப்படி ஏறி வரும்போது, அவன் முகம் திரையை நிறைக்கும் வரை காமிராவை நோக்கியே வருகிறான்.

மிகப் புகழ்பெற்றது முக்கோணக் காட்சி. திரையின் நடுவே ஒரு முக்கோணம். அதில் தொலைபேசியுடன் கணவன். ஒரு மூலையில் தொலைபேசியுடன் மனைவி. மறு மூலையில் கதவருகே நாடோடி. மூன்று இடங்கள், ஒரே நேரம், ஒரே சட்டம். பிலிமின் ஒரு பகுதியை மறைத்து மற்றப் பகுதியில் ஒளி படச் செய்து, பின் பிலிமைத் திருப்பிச் சுற்றி மறைத்த இடத்தில் அடுத்த காட்சியைப் பதிவு செய்வது அக்கால முறை. ஓர் இடத்தில் தவறினால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். திரையை இவ்வாறு பிரிப்பது வெபரின் கண்டுபிடிப்பு அன்று. 1910-இல் டென்மார்க்குப் படம் ஒன்றிலும் தொலைபேசிப் பேச்சுக்கு மூன்றாகப் பிரித்த திரை வந்திருக்கிறது. ஆனால் அச்சுறுத்துபவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டதில்தான் வெபரின் கூர்மை தெரிகிறது. தம்பதியர் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். மூன்றாமவனையும் சேர்த்துப் பார்ப்பது நாம் மட்டுமே.

கார்த் துரத்தலில் இன்னொரு சிக்கனம் உண்டு. துரத்தி வருபவர்களைக் காட்டத் தனி ஷாட் போடாமல், கணவன் ஓட்டும் காரின் கண்ணாடியில் அவர்கள் நெருங்குவதைக் காட்டுகிறார். ஒரே ஷாட்டில் முன்னும் பின்னும்! வெட்டினால் பதற்றம் கூடும் என்று எல்லோரும் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், வெட்டாமலும் அதைக் கூட்டலாம் என்று காட்டியிருக்கிறார். ஏழை நாடோடியைக் கண்டாலே கொலைகாரன் என்று அஞ்சும் பணக்கார வீட்டு மனப்பான்மை இப்படத்திலும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. துரத்தி வந்த போலீசாரே கடைசியில் காப்பாற்ற வந்தவர்களாகிவிடுவது மட்டும் நல்ல குறும்பு.

வெபர் அந்தக் காலத்தில் பெரும் புள்ளி. 1916-இல் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர்கள் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர். 1939-இல் மறைந்தார். அவருடைய படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. சினிமா வரலாற்று நூல்கள் பல பத்தாண்டுகள் கிரிஃபித்தின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தன. 2020-இல்தான் ‘சஸ்பென்ஸ்’ அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு

வெபர் செய்து காட்டியதைச் சொல்லில் வடித்தவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் அவர் ஒரு எடுத்துக்காட்டுத் தந்தார். இருவர் மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டு மேசைக்கு அடியில் வைக்கப்படுவதை முன்பே காட்டிவிட்டால், அதே சப்பைப் பேச்சு 15 நிமிடம் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைக்கும். மேசைக்கு அடியில் பார் என்று கத்தத் தோன்றும். மிதியடிக்கு அடியிலிருந்த சாவிதான் இங்கே குண்டாகிவிட்டது.

ஆகவே பதற்றம் திரையில் இருக்கும் பொருள் அன்று. திரையில் ஒரு சிறுவன் பொம்மைத் துப்பாக்கியுடன் விளையாடுகிறான் என்றால் அது விளையாட்டுத்தான். அது பொம்மை அன்று என்பது நமக்குத் தெரிந்திருந்தால்தான் மூச்சு நிற்கும். ஹிட்ச்காக் 1961-இல் தொலைக்காட்சிக்காகச் சரியாக இந்தக் கதையையே அரை மணி நேர நாடகமாக இயக்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாமாவின் பெட்டியிலிருந்து உண்மைத் துப்பாக்கியைச் சிறுவன் எடுத்துக்கொள்கிறான். பொம்மை என்று நினைத்துக் குண்டும் போட்டுக்கொள்கிறான். கடைத்தெருவில் கண்டவரையெல்லாம் குறி வைத்து ‘டுமீல்’ என்கிறான். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். குண்டுகள் துப்பாக்கிக்குள் இருப்பதைக் குளோஸ்-அப்பில் பார்த்துவிட்ட நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்தச் சிறு நாடகம் பிற்காலத்தில் எதிர்பாராத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2008-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஊரி ஹாசன் குழுவினர், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவர்களுக்குப் படம் காட்டி மூளையை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கு ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைக் காந்தப் புலத்தால் அளக்கலாம். ஒரே படத்தைப் பார்க்கும் பலரின் மூளைகள் எந்த அளவுக்கு ஒன்றுபோல ஏறி இறங்குகின்றன? ஹிட்ச்காக்கின் துப்பாக்கி நாடகத்தைப் பார்த்தபோது பெருமூளைப் புறணியில் ஏறத்தாழ 65 விழுக்காடு எல்லோருக்கும் ஒத்துப்போயிற்று. ஒரு கௌபாய்ப் படத்துக்கு 45; ஒரு நகைச்சுவைத் தொடருக்கு 18. வெட்டாமல், கோணம் மாற்றாமல், ஒரு பூங்காவை அப்படியே படம் பிடித்துக் காட்டியபோது 5-க்கும் குறைவு. இது படத்தின் தரத்துக்கு மதிப்பெண் அன்று. பார்ப்பவரின் கவனத்தை இயக்குநர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்பதன் அளவு.

அடுத்த படி கனடாவில் நடந்தது. மூளைக் காயத்தால் கண் திறந்தும் எதற்கும் மறுமொழி தராமல் கிடக்கும் நோயாளிகள் உண்டு. உள்ளே உணர்வு இருக்கிறதா இல்லையா? குடும்பத்தாருக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளர் 2006-இல், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படி ஒரு நோயாளியிடம் சொல்லி, மூளையில் அதற்குரிய பகுதி இயங்குவதைக் காட்டியிருந்தார். ஆனால் கட்டளையைக் கேட்டு, நினைவில் வைத்து, விடாமல் செய்வது எல்லா நோயாளிகளுக்கும் இயலாது. படம் பார்ப்பதற்குக் கட்டளை எதுவும் வேண்டியதில்லை. ஓவனும் லொரீனா நாச்சியும் மற்றவர்களும் ஹிட்ச்காக்கின் நாடகத்தை 8 நிமிடமாகச் சுருக்கி எடுத்துக்கொண்டார்கள். 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

முதலில் நலமாக உள்ளவர்களைச் சோதித்தார்கள். மூளையின் முன்பகுதியையும் உச்சிப் பக்கங்களையும் இணைக்கும் வலையமைப்பு, எல்லோருக்கும் ஒரே இடங்களில் எழுந்து ஒரே இடங்களில் தணிந்தது. திட்டமிடுவது, முன்னும் பின்னும் பொருத்திப் பார்ப்பது முதலிய வேலைகளுக்கு உரிய பகுதி அது. வேறொரு குழுவினர் படத்தைப் பார்த்து எங்கெங்கே பதற்றம் மிகுதி என்று குறித்துக் கொடுத்திருந்தார்கள். இந்த ஏற்ற இறக்கம் அந்தக் குறிப்புகளோடு பொருந்தியது. அதே படத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கலைத்துப் போட்டுக் காட்டியபோது இந்த ஒற்றுமை மறைந்துவிட்டது. முகங்கள் இருந்தன, துப்பாக்கி இருந்தது, ஒலி இருந்தது. ‘அது உண்மைத் துப்பாக்கி’ என்ற தொடர்ச்சி மட்டும் இல்லை.

பிறகு நோயாளிகள் இருவர். ஒருவருக்கு ஒலியைக் கேட்கும் பகுதி மட்டும் இயங்கியது. கதையைப் பின்தொடரும் வலையமைப்பு இயங்கவில்லை. மற்றவர் 16 ஆண்டுகளாக யாருக்கும் எந்த மறுமொழியும் தராமல் இருந்தவர். அவருடைய மூளையில் அந்த வலையமைப்பு, நலமாக உள்ளவர்களுக்கு எழுந்த இடங்களிலேயே எழுந்தது. தணிந்த இடங்களிலேயே தணிந்தது. சிறுவன் கையில் இருப்பது பொம்மை அன்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.